உடையவர் கோஷ்டியில் கவிகளும் கலைஞர்களும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சித்திரைத் திருவாதிரைத் திருநாளில் உடையவரைக் கண்ணாரச் ஸேவிக்க வேண்டும் என்னும் ஆவலோடு ஸ்ரீபெரும்பூதூருக்கு எழுந்தருளியிருக்கும் பாகவதர்கள் அனைவருக்கும் அடியேன் தண்டன் ஸமர்ப்பித்துச் செய்யும் விண்ணப்பம். தல வரலாறும் உற்ஸவ க்ரமமும் பெரியோர்கள் பலரால் பலமுறை எழுதப்பெற்றவை. ஆதலால் இக்கட்டுரையில் வேறொரு விஷயத்தைச் சிறிது ஆராய்ந்து பார்க்க முற்படுகிறேன்.

கோவிலுக்கு வரும் இளைஞர்களில் சிலர், அதிலும் கதையும் கவிதையும் எழுதிப் பழகுவோரும் சித்திரம் தீட்டுவோரும், அடிக்கடி ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். “பக்தி என்பது பெரியோர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வது, கலை என்பது புதிதாக ஒன்றைப் படைப்பது. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்க முடியும்?” என்பதே அக்கேள்வி. இதனை அபசாரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கி.பி. 1017-இல், இவ்வூரில் திருவவதரித்த மஹான் இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையினாலேயே விடை அருளியிருக்கிறார். அவருடைய சரித்திரத்தை ஊன்றிப் படித்தால், அதன் திருப்பங்கள் யாவும் ஏதேனும் ஓர் உரையாடலில்தான் நிகழ்ந்திருப்பது புலனாகும். பண்டிதரோடும், அரையரோடும், கவியோடும், ஏடு எழுதிய சீடரோடும் அவர் நடத்திய அவ்வுரையாடல்களை ஒவ்வொன்றாக அநுபவிப்போம்.

வாதம் என்னும் சொல்

ஸம்ஸ்க்ருத பாடசாலையில் நியாய சாஸ்த்ரம் தொடங்கும் மாணவன் முதலிலேயே கற்கும் பாகுபாடு ஒன்று உண்டு. இருவர் கூடிப் பேசும் பேச்சு மூவகைப்படும். உண்மையை அறியும் பொருட்டுப் பேசுவது வாதம். வெற்றியை நாடிப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் பிறர் கொள்கையை இடித்துத் தள்ளுவது ஒன்றையே நோக்கமாகக் கொண்டது விதண்டை. பேசுவோருள் தான் வாதமாக இருப்பதாகக் கண்ணன் கீதையின் பத்தாவது அத்தியாயத்தில் அருளிச்செய்திருப்பதைப் பலரும் அறிவர். வாதத்திற்கு ஓர் இலக்கணம் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக இருந்தால் அதனை ஏற்றுக்கொள்ளும் துணிவு இருவருக்கும் இருக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

திருப்புட்குழியில் ஓர் உவமை

காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழியில் யாதவப்ரகாசர் என்னும் பெரும் பண்டிதரிடம் இளைய ராமாநுஜர் வேதாந்தம் பயின்றுவந்தார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேளையில், சாந்தோக்ய உபநிஷத்தில் எம்பெருமானுடைய திருக்கண்களுக்கு உவமையாக வரும் ‘கப்யாஸம்’ என்னும் சொல்லைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ‘கபி’ என்பதற்குக் குரங்கு என்பது பலரும் அறிந்த பொருள். அதனைக் கொண்டு, குரங்கின் பின்புறத்தைப் போலச் சிவந்த கண்கள் என்று யாதவப்ரகாசர் பொருள் கூறினார். அதைக் கேட்ட ராமாநுஜரின் கண்ணிலிருந்து நீர் பெருகி ஆசிரியரின் தொடையில் வெப்பமாக விழுந்தது என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

அழுகையோடு அவர் நின்றுவிடவில்லை. ‘கம்’ என்றால் நீர். அதைப் பருகுபவன் ஆதலால் ‘கபி’ என்பது ஸூர்யன். ‘ஆஸம்’ என்பது மலர்தல். ஆகவே ஸூர்யனால் மலர்த்தப்பட்ட தாமரை போன்ற திருக்கண்கள் என்று இலக்கண வழியிலேயே வேறொரு பொருளை விண்ணப்பித்தார். பிற்காலத்தில் தாம் அருளிய வேதார்த்த ஸங்க்ரஹத்திலும் இப்பொருளை விரித்துரைத்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாது? அவருடைய பக்தி அந்த உவமையைக் கேட்டு வருந்திற்று. அவருடைய கவியுள்ளம் அதனினும் தகுதியான உவமையைத் தேடிற்று. அவருடைய கல்வி அதற்குச் சொல்லிலேயே ஆதாரம் கண்டது. பக்தி மட்டும் இருந்திருந்தால் கண்ணீரோடு முடிந்திருக்கும். கல்வி மட்டும் இருந்திருந்தால் கண்ணீரே வந்திராது. உவமை என்பது அலங்காரம்தானே, எதுவாயிருந்தால் என்ன என்று அவர் எண்ணவில்லை. எம்பெருமானை எந்தச் சொல்லால் நினைக்கிறோமோ அந்தச் சொல்லின் வழியாகவே அவன் நம் நெஞ்சில் எழுந்தருளுகிறான் என்பது அவர் திருவுள்ளம். எழுத முற்படும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் இல்லை.

அரையர் கேட்ட வரம்

ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின், திருவரங்கம் தலைவரில்லாமல் தவித்தது. ராமாநுஜரோ காஞ்சியில் பேரருளாளனுக்குக் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார். பேரருளாளனின் அநுமதியின்றி அவரை அழைத்துவருதல் இயலாது. இந்நிலையில் அரங்கத்தார் யாரை அனுப்பினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. தர்க்கம் வல்ல பண்டிதரை அனுப்பவில்லை. செல்வாக்குடைய அதிகாரியை அனுப்பவில்லை. ஆளவந்தாரின் திருக்குமாரரும், பாட்டிலும் அபிநயத்திலும் வல்லவருமான திருவரங்கப் பெருமாள் அரையரை அனுப்பினார்கள்.

அரையர் கச்சியை அடைந்து, தேவப்பெருமாள் திருமுன்பே ஆழ்வார்களின் அருளிச்செயலைத் தாளத்தோடும் அபிநயத்தோடும் ஸேவித்தார். பெருமாள் உகந்து வேண்டும் வரம் யாது என்று வினவ, அரையர் ராமாநுஜரையே கேட்டுப் பெற்று, கையோடு அழைத்துக்கொண்டு அரங்கம் சேர்ந்தார் என்பது ஸம்ப்ரதாயம். ஆக, பிற்கால ஸ்ரீவைஷ்ணவம் முழுவதற்கும் அடித்தளமான அந்தப் பயணம் ஒரு கலைஞனுடைய கலைக்குக் கிடைத்த ஸம்மானமாக நிகழ்ந்தது.

அதன்பின் உடையவர் அந்த அரையரையே தம் ஆசார்யர் ஐவரில் ஒருவராகக் கொண்டார். ஆறு மாத காலம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும், ஆடிக் களைத்த திருமேனிக்கு மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தும் தொண்டு செய்தார். ஒருநாள் காப்பின் பதம் அரையருக்குத் திருப்தியளிக்கவில்லை என்பதை முகக்குறிப்பினால் உணர்ந்து, மீண்டும் அரைத்து ஸமர்ப்பித்தாராம். வேதாந்தத்தில் நிகரற்றவர், ஒரு கலைஞரின் உடற்களைப்பையும் முகக்குறிப்பையும் இவ்வளவு கூர்ந்து கவனித்தார். கலையைக் கொண்டாடும் நாம் கலைஞரின் களைப்பை நினைக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

கையால் பேசிய எம்பார்

திருவரங்கத்தில் ஒருநாள் அரையர் பெரியாழ்வார் திருமொழியை அபிநயித்துக்கொண்டிருந்தார். கண்ணன் ஆயர் சிறுவர்களுக்கு ‘அப்பூச்சி’ காட்டும் கட்டம் அது. அப்பூச்சி காட்டுதல் என்பது குழந்தைகளை அச்சுறுத்தும் விளையாட்டு. அரையர் கண்ணிமைகளை மடித்துக் காட்டி, பிள்ளைகள் அஞ்சும் முறையில் அபிநயம் பிடித்தார். கோஷ்டியில் உடையவருக்குப் பின்னே அமர்ந்திருந்த எம்பார், வாய் திறவாமல் தம் இரு கைகளையும் தோள்களுக்கு மேலே உயர்த்தி, சங்கும் சக்கரமும் ஏந்தியதாகக் குறிப்புக் காட்டினார். தங்களுள் ஒருவனாக விளையாடும் ஆயர் சிறுவனின் தோள்களில் திடீரென்று சங்கும் சக்கரமும் தோன்றினால், அதைவிடப் பெரிய அப்பூச்சி வேறு உண்டோ?

அரையர் அதைக் கண்ணுற்றார். அடுத்த முறை அந்த அடியை ஸேவிக்கும்போது எம்பார் காட்டியவாறே தாமும் காட்டினார். உடையவர் வியந்து, இந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகித்து, பின்னே திரும்பி எம்பார் அங்கிருப்பதை உறுதி செய்துகொண்டு உகந்தாராம்.

ஒரு சொல்லும் பேசப்படாத இந்த உரையாடலில் மூவர் பங்குகொண்டார்கள். ரஸிகராக இருந்த எம்பார் பொருளைப் புதிதாகக் கண்டார். அரங்கில் நின்ற அரையர், தமது மரபில் இல்லாதது என்று தள்ளாமல் உடனே ஏற்றார். தலைவராக வீற்றிருந்த உடையவர், புதுமை எவரிடமிருந்து வந்தது என்று தேடிக் கொண்டாடினார். இம்மூன்றில் எது இல்லாவிடினும் அந்த அபிநயம் நமக்குக் கிடைத்திராது.

நாதமுனிகள் திவ்யப்ரபந்தத்துக்கு இசை வகுத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்ததிலிருந்து வளர்ந்தது அரையர் ஸேவை. குல்லாய் அணிந்து, கைத்தாளம் ஏந்தி, பாசுரத்தை இசையோடு பாடி, பின் அபிநயித்து, பின் வ்யாக்யானமும் சொல்வது அதன் முறை. இன்று தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களிலும், கர்நாடகத்தில் மேல்கோட்டையிலும் இது நடைபெறுகிறது. வாய்ப்புள்ளவர்கள் மார்கழி அத்யயன உற்ஸவத்தில் ஒருமுறையேனும் இதனை ஸேவிக்க வேண்டும். ஸேவிக்கும்போது எம்பாரைப் போலக் கண் விழித்திருக்க வேண்டும்.

புதுப்பொருளும் பழம்பொருளும்

உடையவர் திருவாய்மொழியின் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டார். ஆண்டான் ஆளவந்தாரிடம் நேரே கேட்டவர். தாம் கேட்டதைக் கேட்டபடியே சொல்ல வேண்டும் என்னும் உறுதியுடையவர். இரண்டாம் பத்தின் மூன்றாந் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்தை ஆழ்வாரின் துயரக் குரலாக அவர் உரைத்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் ஆனந்தத்தில் பிறந்தவையாயிருக்க, நடுவில் ஒன்று மட்டும் துயரமாதல் பொருந்தாது என்று உடையவர் விண்ணப்பித்து, சொற்களை மாற்றிக் கூட்டி உவகையாகவே பொருள் கூறினார். ஆளவந்தார் இவ்வாறு அருளிச்செய்ததில்லை, இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லி ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பி அரங்கத்துக்கு எழுந்தருளினார். அந்தப் பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொல்லி, ஸாந்தீபனியிடம் கண்ணன் படித்ததைப் போன்றதே உடையவர் உம்மிடம் படிப்பது என்று ஆண்டானைத் தேற்றினார். காலக்ஷேபம் மீண்டும் நடந்தது. பின்னொருகால், ஆளவந்தாரை நேரில் கண்டு கேளாத நீர் அவர் திருவுள்ளம் எவ்வாறு அறிந்தீர் என்ற கேள்வி எழுந்தபோது, துரோணருக்கு ஏகலவ்யன் எப்படியோ ஆளவந்தாருக்குத் தாம் அப்படி என்று உடையவர் விடை கூறினாராம்.

இச்சண்டையில் ஆண்டானைக் குறைவாக எண்ணுவது பிழை. கேட்டதைக் கேட்டபடியே காப்பவர் ஒருவர் இல்லையேல், புதுப்பொருள் காண்பவருக்கு நிற்க இடமே இல்லை. நம்முடைய வ்யாக்யானங்களின் பெருமை இதில்தான் விளங்குகிறது. நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியில், ஒரு பாசுரத்துக்கு முன்னோர் சொன்ன வெவ்வேறு நிர்வாகங்கள் அவரவர் பெயரோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பின்னது முன்னதை அழித்துவிடவில்லை. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. அவ்வளவில் முப்பத்தாறாயிரம் படியும் ஒரு நீண்ட உரையாடலின் பதிவு என்றே சொல்லலாம்.

எழுதுகோல் நின்றது

இனி, இவ்வரிசையில் சிகரமான நிகழ்ச்சியைக் காண்போம். ப்ரஹ்மஸூத்ரத்துக்கு உடையவர் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யத் தொடங்கியபோது, ஏடுபடுத்தும் பணி கூரத்தாழ்வானுக்கு அமைந்தது. போதாயன வ்ருத்தியைக் காஷ்மீரத்தில் ஒருமுறை பார்த்தே நினைவில் பதித்துக்கொண்ட மேதை அவர். உடையவர் அவருக்கு ஒரு நிபந்தனை விதித்தார். தாம் சொல்வது உடன்பாடாயிருந்தால் எழுதலாம். உடன்பாடில்லையேல் எழுதாமல் நிறுத்திவிடலாம் என்பதே அது.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை விளக்கும் கட்டம் வந்தது. அறியும் தன்மையே ஆத்மாவின் லக்ஷணம் என்று உடையவர் அருளிச்செய்தார். ஆழ்வானின் எழுதுகோல் நின்றது. எம்பெருமானுக்கே உரியவனாயிருத்தல் என்னும் சேஷத்வத்தைச் சொல்லாமல், அறிவை மட்டும் சொன்னால் லக்ஷணம் நிறைவடையாது என்பது அவர் கருத்து. உடையவர் சினமுற்று, நீரே பாஷ்யம் எழுதிக்கொள்ளும் என்ற பொருள்பட உரைத்து அவரைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார் என்று கூறுவர். அருகிலிருந்தோர் ஆழ்வானை நோக்கி, உம் நிலை என்னவாயிற்று என்று வருந்த, உடைமையை உடையவன் எவ்வாறும் கையாளலாம், இதில் எனக்கு வருத்தம் ஏது என்று அவர் அமைதியாக இருந்தாராம். பின்னர் உடையவர் தாமே ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே நியாயம் எனத் தெளிந்து, அவரை அழைத்து அணைத்துக்கொண்டு, அவர் திருவுள்ளப்படியே பாஷ்யத்தை மேலே நடத்தினார்.

இந்நிகழ்ச்சியை ஸாமான்யமான குரு பக்திக் கதையாகச் சொல்லிப் போவது வழக்கம். அதன் ஆழம் வேறு. ஆழ்வான் எழுத மறுத்தது அகங்காரத்தினால் என்று எவரும் சொல்ல இயலாது. ஏனெனில் எதற்காக நிறுத்தினாரோ அந்தச் சேஷத்வத்தையே, தள்ளப்பட்ட பின் தம் நடத்தையினால் நிரூபித்துக் காட்டினார். உடையவரும் தலைமையைக் காப்பதற்காகத் தம் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நிறுத்தும் உரிமையைத் தாமே முன்கூட்டிக் கொடுத்த ஆசார்யன், நிறுத்தும் துணிவைக் காட்டிய சீடன், இருவரையும் விட உயர்ந்ததாக இருவரும் மதித்த உண்மை என்னும் இம்மூன்றும் கூடியதனால் நமக்கு ஸ்ரீபாஷ்யம் கிடைத்தது. ‘பக்தி என்பது அப்படியே ஏற்பது’ என்று எண்ணும் இளைஞர்களுக்கு இதுவே விடை.

கவியும் சிற்பியும்

திருவரங்கத்தமுதனார் அரங்கன் கோவிலில் அதிகாரம் செலுத்தியவர். உடையவரின் ஏற்பாடுகளுக்கு முதலில் இணங்காதவர். கூரத்தாழ்வானின் பேச்சும் பழக்கமும் அவரை மாற்றின. மாறிய நெஞ்சிலிருந்து பிறந்தது இராமாநுச நூற்றந்தாதி. கட்டளைக் கலித்துறையில் நூற்றெட்டுப் பாசுரங்களாலான அந்நூல் திவ்யப்ரபந்தத்தோடு சேர்த்து ஸேவிக்கப்பெறுகிறது. ப்ரபந்ந காயத்ரி என்று போற்றப்பெறுகிறது. எதிர்த்தவரையே தமக்குக் கவியாகப் பெற்றார் உடையவர்.

சிற்பியின் கதை நம் ஊருக்கே உரியது. முதலியாண்டானுடைய திருக்குமாரர் கந்தாடை ஆண்டான் வேண்ட, உடையவர் அநுமதித்து, அவர் எழுந்தருளியிருந்த காலத்திலேயே செய்யப்பெற்ற விக்ரஹம் இங்கே நாம் ஸேவிக்கும் ‘தானுகந்த திருமேனி’. மேல்கோட்டையில் உள்ளது ‘தமருகந்த திருமேனி’. திருவரங்கத்தில் உள்ளது ‘தானான திருமேனி’. இங்கே தைப் பூசத்தன்று சிற்பி திருக்கண்களைத் திறந்த வேளையில், அரங்கத்தில் இருந்த உடையவருக்குத் தம் திருக்கண்களில் வலி தோன்றிற்று என்பது ஸம்ப்ரதாயம். விக்ரஹத்துக்குக் கண் திறத்தலை ஆகமங்கள் நயனோன்மீலனம் என்று கூறும். சிற்பியின் பணியில் இறுதியானதும் மிக நுண்ணியதுமான செயல் அது. கலைஞனின் உளிநுனி படும் இடத்தில் படைக்கப்படும் பொருளுக்கும் உயிருள்ள மனிதருக்கும் இடையே தொடர்பு உண்டு என்பதை இக்கதை உணர்த்துகிறது. ஒருவரைப் பற்றி எழுதுவோரும் நடிப்போரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

நம் காலத்து எழுத்தாளர்கள்

உரையாடல் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1938-இல் ஏ. நாராயணன் இயக்கத்தில் ‘ஸ்ரீ ராமாநுஜர்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. மணிக்கொடிக் குழுவைச் சேர்ந்த சங்கு சுப்பிரமணியம் உடையவராக நடித்தார்; வ.ரா. அதன் எழுத்துப் பணியில் ஈடுபட்டார், பாடல்கள் பாரதிதாசனுடையவை. பி.ஸ்ரீ. ஆசார்யா எழுதிய ‘ஸ்ரீ ராமாநுஜர்’ என்னும் நூலுக்கு 1965-இல் ஸாஹித்ய அகாதெமி விருது கிடைத்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘இராமாநுஜர்’ நாடகத்துக்கு 1999-ஆம் ஆண்டுக்குரிய ஸரஸ்வதி ஸம்மான் வழங்கப்பெற்றது. திருவரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலி ‘இராமாநுச காவியம்’ இயற்றினார். 2015-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், மு. கருணாநிதி தொலைக்காட்சித் தொடருக்காக உடையவரின் சரித்திரத்தை எழுதினார்.

இவர்களுள் சிலர் ஆஸ்திகர். சிலர் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். கோவிலுக்குள் இருப்போர் இவ்விஷயத்தில் எந்த நிலையை மேற்கொள்வது? ‘பகவானை ஏற்காதவர் ஆசார்யனைப் பற்றி எழுதலாமா’ என்று சிலர் மனம் நோகின்றனர். அந்த நோவு பொய்யன்று. சீர்திருத்தக்காரர் என்ற ஒரு முகத்தை மட்டும் காட்டி, சரணாகதியை விட்டுவிட்டால் சித்திரம் குறைபடும். ஆழ்வான் எழுதுகோலை நிறுத்தியது இதே காரணத்துக்காக அன்றோ? அறிவைச் சொல்லி அடிமையைச் சொல்லாமல் விட்டதற்காகத்தான் அவர் நிறுத்தினார். ஆகவே குறையைக் குறை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதைச் சொல்லும் முறை வாதமாக இருக்கட்டும், விதண்டையாக வேண்டாம். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் நின்று யாவரும் கேட்கும்படி பொருளை வெளியிட்டவர் உடையவர் என்று நாமே பெருமை பேசுகிறோம். கேட்டவர்களில் ஒருவர் தமக்குக் கேட்ட அளவில் எழுதினால், கேட்காமல் விட்டதை அன்போடு எடுத்துச் சொல்வது நம் கடமை. கதவைச் சாத்துவது நம் கடமையாகாது.

கலைஞரும் கோவிலும் கூடி உரையாடினால் என்ன விளையும் என்பதற்குத் திருக்குறுங்குடி சான்று. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் அங்கே ஆடப்பெறும் கைசிக நாடகம் நலிவுற்றிருந்தது. 1999-இல் நாடகப் பேராசிரியர் சே. இராமாநுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் பழைய பிரதியையும் மரபறிந்த கலைஞர்களையும் கொண்டு அதற்குப் புத்துயிர் ஊட்டினார்கள். பாணர் குலத்து நம்பாடுவான் தன் பாட்டின் பலனைக் கொடுத்து ஒரு ப்ரஹ்மராக்ஷஸனை உய்வித்த கதை அது. பாடுபவனின் பாட்டே புண்ணியம் என்று சொல்லும் நாடகத்தை, நாடகம் அறிந்தவர்களே கோவிலுக்கு மீட்டுக் கொடுத்தது பொருத்தமே.

இந்தச் சாலை

உடையவரின் கோஷ்டியில் இருந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் அவதரித்தவர். முதலியாண்டான் அதனை அடுத்த நசரத்பேட்டையில் அவதரித்தவர். எம்பாரின் அவதார ஸ்தலம் நம் ஊருக்கு அண்மையிலுள்ள மதுரமங்கலம். கூரத்தாழ்வானுடையது காஞ்சியை அடுத்த கூரம். சென்னையிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டியே இத்தனை பேரும் அவதரித்தார்கள். இன்று அதே சாலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்பூதூர், வல்லம் வடகால், ஒரகடம் எனத் தொழிற்பேட்டைகள் நிறைந்து, காரும் லாரியும் கைபேசியும் உற்பத்தியாகின்றன. ஷிப்டு முடிந்து சீருடையோடும் அடையாள அட்டையோடும் சந்நிதிக்கு வரும் பிள்ளைகளில் தென்மாவட்டத்தாரும் உண்டு. பீகார், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்தோரும் உண்டு.

ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் ஒரு மாலை தீர்த்தம் பெற்றுக்கொண்டபின், தம் ஊரில் ஜகந்நாதனுக்கு ஜயதேவரின் கீதகோவிந்தம் பாடுவார்கள் என்றும், இங்கே பெருமாளுக்கு முன் தமிழ் பாடுவதைக் கேட்கும்போது பொருள் தெரியாமலே ஊர் நினைவு வருகிறது என்றும் அரைகுறைத் தமிழில் சொன்னார். உடையவர் பூரிக்கு எழுந்தருளியதும், அங்குள்ள பூஜை முறையை மாற்றக் கருதியதும், ஜகந்நாதன் அதற்கு இசையாமல் ஓர் இரவில் அவரை ஸ்ரீகூர்மத்தில் கொண்டு சேர்த்துவிட்டதாகக் கூறும் வரலாறும் அடியேன் அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்து, “அப்படியானால் எங்கள் பெருமாளும் எழுதுவதை நிறுத்தியவர்தானா?” என்றார். அதற்குச் சற்று முன்புதான் ஆழ்வான் கதையை அவருக்குச் சொல்லியிருந்தேன். பாடசாலையில் பயின்றவர்களுக்கும் தோன்றாத ஒப்புமை அது. எம்பெருமானே தம் அடியாரிடம் உடன்பாடின்மையைத் தெரிவிக்கிறான். அடியாரும் அதனை ஏற்று மேலே நடக்கிறார். எம்பாரைப் போலப் பின்வரிசையில் அமர்ந்து குறிப்புக் காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் முன் உள்ள கவலையும் இதுவே. திருநாள்கள் பெருகுகின்றன, கூட்டமும் பெருகுகிறது, ஒலிபெருக்கியின் ஓசையும் பெருகுகிறது. ஒருவரோடொருவர் அமர்ந்து பொருள் பேசும் நேரம் மட்டும் சுருங்குகிறது. பாசுரம் ஒலிக்கும், அதன் பொருளைக் கேட்பவர் இராவிடில், அரையரின் அடுத்த தலைமுறை எதற்காகத் தாளம் ஏந்தும்? கேள்வி கேட்கும் இளைஞனை அதட்டி அனுப்பிவிட்டால், அவன் கவி பாடும் நாளில் நம்மிடம் ஏன் வருவான்?

யாத்ரிகர்கள் செய்யத்தக்கவை

நிறைவாக மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, இத்திருநாளில் புறப்பாட்டை ஸேவித்தபின் கோஷ்டியில் சற்று நின்று ஒரு பாசுரத்தையேனும் கவனித்துக் கேளுங்கள். பொருள் விளங்காத ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டு, அறிந்த பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். இரண்டாவது, ஊர் திரும்பும் வழியில் மதுரமங்கலத்தையோ கூரத்தையோ ஸேவித்துச் செல்லுங்கள். மூன்றாவது, உங்கள் இல்லத்தில் எழுதும் பிள்ளையோ பாடும் பெண்ணோ இருந்தால், அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும் கேள்வியைத் தடுக்காதீர்கள். நீங்கள் அறியாத விடையை அவர்களே ஒருநாள் கண்டு உங்களுக்குச் சொல்லவும் கூடும்.

கப்யாஸத்துக்குக் கண்ணீர் விட்டவர், அரையருக்கு மஞ்சள் அரைத்தவர், எம்பாரின் கைக்குறிப்பை அறிந்து உகந்தவர், ஆழ்வானின் எழுதுகோலுக்குத் தலை வணங்கியவர் நம் சந்நிதியில் தானுகந்த திருமேனியோடு எழுந்தருளியிருக்கிறார். அவர் திருமுன்பே நிற்கும் ஒவ்வொருவருக்கும் கேட்கும் செவியும், சொல்லும் துணிவும், ஏற்கும் பணிவும் அருள வேண்டுமென்று ப்ரார்த்திக்கிறேன்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.